குடவோலை எடுத்த சிறுவன்

அது சாதாரண 80 பக்க நோட்டு. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் 'குட்டை வரவு செலவு' என்று எழுதியிருந்தது. உள்ளே தேதி, விவரம், தொகை, கையொப்பம் என்று நான்கு கட்டம் கட்டியிருந்தார்கள். நான்காவது கட்டத்தில் சில இடங்களில் கையெழுத்து, சில இடங்களில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தவன் நான்தான்.

கூட்டுறவு வங்கியில் 32 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தகுதியை வைத்து, எங்கள் பக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று என்னைத் தேர்வுக் குழுவில் போட்டது. இளைஞர்கள் தாங்களே நடத்தும் காலநிலைத் திட்டங்களுக்குச் சிறு நல்கை. ஒரு குழுவுக்கு 40,000 ரூபாய், ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். முதல் தவணை 25,000. கணக்குக் காட்டினால் மீதி 15,000.

வந்த விண்ணப்பங்களில் ஒன்று, ஒரே ஊரைச் சேர்ந்த ஆறு கல்லூரிப் பிள்ளைகளுடையது. ஊர்க் குட்டை ஒன்று தூர்ந்து கிடந்தது. அதை ஆழப்படுத்தி, கரையில் புங்கனும் பூவரசும் நட்டு, பனங்கொட்டை விதைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பத்தில் அதற்கு 'காலநிலைத் தகவமைப்புக்கான சமூக நீராதார மேம்பாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேர்காணலில் கேட்டேன். "ஃபாரத்துல காலநிலைன்னு ஒரு வார்த்தை வரணும்னாங்க சார், அதான்" என்றாள் அந்தக் குழுவின் பெண். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பணத்தைக் கொடுத்தோம்.

வேலையை முடித்தார்கள். கணக்கு வந்தபோதுதான் சிக்கல். 25,000 ரூபாயில் 15,600க்குத்தான் பில் இருந்தது. மீதி 9,400க்கு இந்த நோட்டு. கன்றுகளை விற்றது, வீட்டு வாசலில் பிளாஸ்டிக் பையில் நாற்று வளர்க்கும் ஒரு பாட்டி. பனங்கொட்டை பொறுக்கி வந்தவர்கள் ஊர்ப் பையன்கள். முள் வெட்டி வேலி கட்டியவர் ஒரு கூலிக்காரர். இவர்களில் யாரிடம் ஜிஎஸ்டி எண் இருக்கும்? "பாட்டிகிட்ட எப்படி சார் பில் கேக்குறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். விதி விதிதான் என்றேன். பணம் கொடுத்தவர்களின் தணிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நிறுவனம் சொன்னது. 9,400 ரூபாயைத் திருப்பிச் செலுத்தவும், தவறினால் அடுத்த தவணை இல்லை என்று ஒரு கடிதம் போயிற்று. வரைவு என்னுடையது. கீழே மூன்று கையெழுத்தில் ஒன்றும் என்னுடையது. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டார்கள். அடுத்த தவணையைக் கேட்டு அவர்கள் வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சிறு நல்கை என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது, எப்படி நடந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சி என்றே வைத்துக்கொள்ளலாம். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பணம் எவ்வளவு என்பதைவிட, கணக்கு யார் கையில், எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் இந்த வரலாறு முழுக்க நகர்ந்திருக்கிறது.

*

நம் மொழியில் இதற்கு 'மானியம்' என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கும். இன்றைக்கு உர மானியம், எரிவாயு மானியம் என்கிறோம். பழைய வழக்கில் மானியம் என்பது நிலம். கோயிலுக்கு, மடத்துக்கு, ஊர்ப் பணி செய்கிறவனுக்கு வரி நீக்கி விட்ட நிலம். ஏரியைப் பராமரிக்க ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பொன்னைக் கொடுத்து, அதை முதலாக வைத்து, வட்டியில் ஆண்டுதோறும் ஏரியில் மண் எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்த கல்வெட்டுகளும் உண்டு. இந்தக் கொடைகளுக்குக் காலக்கெடு கிடையாது. சந்திர சூரியர் உள்ளவரை என்பதுதான் கணக்கு. ஆறு மாதத்தில் முடிக்கவும் என்று எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை. ஏரியின் வேலை ஆறு மாதத்தில் முடிகிற வேலை இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்தப் பணத்தை யார் கையாண்டார்கள்? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921ஆம் ஆண்டினது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 30 குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். அதிலிருந்து எடுத்து வாரியங்களை அமைப்பார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர்.

தகுதி என்னவென்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் ஆகாது, அவருடைய உறவினர்களும் ஆகாது. பிரமதேய ஊர் என்பதால் யாரெல்லாம் வெளியே நின்றார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிலமற்றவர், பெண்கள், இளையோர். அந்தக் காலத்தில் ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் இவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்?

இளையவர் ஒருவருக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு. குடத்தில் கைவிட்டு ஓலையை எடுப்பவன். அவன் பாலன், விவரம் அறியாத சிறுவனாக இருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. சூது இல்லாத கை என்பதால் அவனைத் தேர்ந்தார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எடுத்துக் கொடுத்தது அவன் கை. ஓலையில் இருந்தது அவன் பெயர் இல்லை.

காலநிலை மாநாடுகளில் சிறுவர் சிறுமியரை மேடைக்கு அழைத்துப் பேசவைத்து, கைதட்டி, படம் எடுத்து அனுப்பிவைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பாலன் ஞாபகம் வருகிறான்.

*

ஏட்டறிவும் சொத்தும் இல்லாதவர்கள் கையில் சிறு பணத்தைக் கொடுத்துப் பெரிய வேலை வாங்கலாம் என்று நம் காலத்தில் காட்டியது கென்யா. 1977ஆம் ஆண்டு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நைரோபியில் ஒரு பூங்காவில் வங்காரி மாத்தாய் ஏழு மரக்கன்றுகளை நட்டார். கென்யப் பெண்கள் தேசியக் கவுன்சிலின் ஆதரவில் தொடங்கிய அந்த வேலைதான் பச்சை வளைய இயக்கம் ஆயிற்று.

அவருடைய யோசனை எளிமையானது. கிராமத்துப் பெண்களுக்கு விறகு இல்லை, தண்ணீர் இல்லை, மண் கரைந்து ஓடுகிறது. மரம் வளர்த்தால் மூன்றுக்கும் ஆகும். பெண்கள் நாற்றங்கால் போடட்டும். நட்டுப் பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கொடுப்போம். அந்தத் தொகை 4 அமெரிக்க சென்ட். பழகிய வனத்துறைக்காரர்கள், படிக்காத பெண்களால் முடியாது, இதற்கென்று படித்தவர்கள் வேண்டும் என்றார்கள். விதை முளைக்க வைக்கத் தெரியாத பெண் எந்தக் கிராமத்தில் இருக்கிறாள் என்பதுதான் மாத்தாயின் பதில். பட்டயம் இல்லாத வனவர்கள் என்று பின்னால் அவர்களைப் பெருமையாகச் சொன்னார்.

இதில் என் தொழில் புத்திக்குப் பட்டது கணக்கு முறைதான். 'பிழைத்த கன்றுக்கு' என்கிற அந்த ஒரு சொல். விதை வாங்கிய பில் எங்கே, மண்வெட்டி வாங்கிய ரசீது எங்கே என்று தொடங்கவில்லை. மரம் நிற்கிறதா என்று போய் எண்ணினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எண்ணத் தெரியும். கணக்கை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பெண்கள் கணக்குக் காட்டத் தகுதியுள்ளவர்கள் ஆகிவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் நார்வேயின் வனச் சங்கமும், ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியும் கை கொடுத்தன. 2004இல் மாத்தாய்க்கு அமைதி நோபல் கிடைத்தபோது, நட்ட மரங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. நடுவில் அவர் அடிபட்டதும் சிறைக்குப் போனதும் தனிக்கதை. நாற்றங்காலில் கூடிய பெண்கள் வெறும் மரத்தோடு நிற்கவில்லை, யார் எங்கள் காட்டை விற்கிறார்கள் என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். அரசுக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான்.

நாங்கள் குட்டைக்குப் போய்க் கன்றுகளை எண்ணியிருக்கலாம். மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். எண்ணவில்லை.

*

1992 ஜூன், ரியோ டி ஜெனிரோ. புவி உச்சி மாநாடு. அங்கே நடந்த ஒரு பேச்சை இணையத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். கனடாவின் வான்கூவரிலிருந்து வந்த 12 வயதுச் சிறுமி செவர்ன் கல்லிஸ்-சுசுகி, ஆறு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பேசி அவையை வாயடைக்கச் செய்தாள். அந்தப் பேச்சில் நான் கவனித்தது வேறு ஒன்று. ஆரம்பத்திலேயே அவள் ஒரு கணக்குச் சொல்கிறாள். இங்கே வருவதற்கான பணத்தை நாங்களே திரட்டிக்கொண்டு வந்தோம் என்று. பெரியவர்களின் மாநாட்டுக்குப் பெரியவர்கள் அரசுச் செலவில் வந்தார்கள். பிள்ளைகள் வசூல் பண்ணிக்கொண்டு வந்தார்கள்.

அதே ஆண்டில்தான் உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம் தொடங்கியது. நிதியம் அதற்கு முந்தைய ஆண்டு, 1991இல், உலக வங்கியின் கூரையின் கீழ் ஒரு சோதனை ஏற்பாடாக ஆரம்பமாகியிருந்தது. கோடிக்கணக்கான டாலர், பெரிய பெரிய திட்டம், எல்லாம் அரசுகளோடு. கீழே இருக்கிறவனுக்கு இதில் என்ன என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சின்ன ஜன்னல் திறந்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்தும். ஊர்ச் சங்கங்களுக்கும் சிறிய தொண்டு அமைப்புகளுக்கும் நேரடியாக 50,000 டாலர் வரை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசிய வழிகாட்டுக் குழு, அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை, சம்பளம் கிடையாது. இலங்கை 1994இல் சேர்ந்தது, இந்தியா 1996இல். இன்றைக்கு 130க்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடந்திருக்கிறது.

இந்தத் திட்டம் கண்டுபிடித்த நல்ல விஷயங்களை வங்கிக்காரன் என்ற முறையில் மெச்சத்தான் வேண்டும். விண்ணப்பம் எழுதுவதற்கே ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். ஏனென்றால் விண்ணப்பம் எழுதுவதும் செலவு பிடிக்கிற வேலை. எழுத வராதவர்கள் வீடியோவில் பேசி விண்ணப்பிக்கலாம் என்று சில நாடுகளில் அனுமதித்தார்கள். ஊரார் போடும் உழைப்பையும், கொடுக்கும் இடத்தையும் பணமாக மதிப்பிட்டுப் பங்காக எழுதிக்கொண்டார்கள். பெருவிரல் ரேகைக்கும் ஒரு இடம் இருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு கதவு மூடியே இருந்தது. பணம் அமைப்புக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. அமைப்பு என்றால் வங்கிக் கணக்கு வேண்டும், பொறுப்பாளர் வேண்டும். ஊர்ப் பெண்கள் சங்கம் வைத்திருந்தார்கள், மீனவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். 17 வயதுப் பிள்ளைகளுக்கு எங்கே சங்கம்? ரியோவில் நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல் திட்டத்தில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் என்று ஓர் அத்தியாயமே இருந்தது, 25ஆவது. பங்கேற்பு என்ற சொல் அதில் நிறைய உண்டு. கையெழுத்து யாருடையது என்ற சிக்கல் மட்டும் தீரவில்லை.

*

நம் நாட்டில் அந்தக் கையெழுத்துக்கு என்ன தடை என்று வரிசையாகப் பார்த்தேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. சரி, 18 ஆகட்டும். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நம் குட்டைப் பிள்ளைகள் 6 பேர். ஏழாவது ஆளைச் சேர்த்துப் பதிந்தாலும் வெளிநாட்டு நல்கை எளிதில் வாங்க முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிய, அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணி செய்து செலவழித்திருக்க வேண்டும். 15 லட்சம் செலவழித்தவனுக்கு 40,000 எதற்கு?

முன்பெல்லாம் இதற்கு ஒரு சுற்றுவழி இருந்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதையும் அடைத்தது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்தது, 20 விழுக்காடு ஆயிற்று. பணம் வந்து இறங்குவது டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில். முறைகேட்டைத் தடுக்கத்தான் என்று அரசு சொன்னது. முறைகேடு செய்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்துக் கொடுப்பதுதான் சிறு நல்கையின் உயிர். அது அடைபட்டதும் உள்நாட்டுப் பணத்தை நம்பித்தான் எங்கள் மாதிரி இடங்கள் ஓடின. உள்நாட்டுப் பணமும் பில் கேட்டது.

வெளியுலகிலும் நிலைமை ரொம்ப மேல் இல்லை. 2018இல் ஸ்டாக்ஹோமில் கிரெட்டா துன்பர்க் பள்ளிக்குப் போகாமல் நாடாளுமன்றத்தின் முன்னால் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே பல நாடுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். எல்லாத் தலைவர்களும் இளைஞர்களைப் பாராட்டினார்கள். 2022இல் வந்த ஒரு ஆய்வு, பெரிய காலநிலை அறக்கட்டளைகள் தந்த நல்கையில் இளைஞர்களே நடத்தும் முயற்சிகளுக்குப் போனது 0.76 விழுக்காடு என்று கணக்கிட்டது. நூறு ரூபாயில் முக்கால் ரூபாய்.

அதற்கு அப்புறம் கொஞ்சம் அசைவு தெரிந்தது. 2024இல் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை உலகின் 100 நகரங்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர் கொடுத்தது. நகர மேயர் அலுவலகம் அதை 15 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை சிறு நல்கைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் முழுவதையும் ஒதுக்கிவிட்டால் மேலும் 100,000 டாலர். வயது எல்லையைக் கவனியுங்கள். உத்திரமேரூரில் 35க்குக் கீழே ஆகாது. இங்கே 24க்கு மேலே ஆகாது. ஆயிரத்து நூறு வருஷத்தில் குடம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு யோசித்தேன். பணம் மேயர் வழியாக வருகிறது. அந்த ஊரின் குப்பைக் கிடங்கை எதிர்த்து ஒரு பெண் விண்ணப்பம் போட்டால் மேயர் கொடுப்பாரா? கன்று நடுவதாகச் சொன்னால் கொடுப்பார். யாரையும் நோகடிக்காத வேலைக்குச் சிறு பணம் சுலபமாகக் கிடைக்கும். மாத்தாயின் பெண்கள் காட்டை விற்பது யார் என்று கேட்ட இடத்துக்கு இந்தப் பணம் எளிதில் போகாது.

*

அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவர்களின் கதையும் இந்த வரலாற்றில் சேர வேண்டும். 2019இல் பசிபிக் கடலில் வனுவாட்டு தீவின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்பில் 27 மாணவர்கள். கடல் ஏறி ஊர் போகிறது, இதற்கு உலகச் சட்டத்தில் என்ன வழி என்று வகுப்பில் பேச்சு வந்தது. பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்கலாம் என்று ஒரு யோசனை. பசிபிக் நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்புக்கே போகாமல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் விசாரணை. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒரே குரலில் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதில் தவறுவது பன்னாட்டுச் சட்டத்தை மீறுவது, ஈடு செய்ய வேண்டியும் வரலாம்.

வகுப்பறைப் பேச்சிலிருந்து தீர்ப்பு மேசை வரை ஆறு வருஷம். இந்த மாணவர்கள் என் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். 'எதிர்பார்க்கும் விளைவு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? 'பயனாளிகள் எண்ணிக்கை'? 'ஆறு மாத முடிவில் அளவிடத்தக்க மாற்றம்'? கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை என்பதுதான் ஆறு மாத அறிக்கையாக இருந்திருக்கும். நான் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பேன்.

பரிசுக்கும் நல்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர்கள் எரிக்கும் கரியைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் ஸ்வீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசினார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பரிசு, செய்து காட்டிய பிறகு வருவது. நல்கை, செய்வாள் என்று நம்பிக் கொடுப்பது. செய்து காட்டும் அளவுக்கு வீட்டில் இடமும் துணையும் வாய்த்த பிள்ளைகள் பரிசு வாங்குவார்கள். மற்றவர்களுக்கு நம்பிக்கை முதலில் வர வேண்டும். சிறு நல்கை என்பது அடிப்படையில் முன்கூட்டியே கொடுக்கும் நம்பிக்கை. அதைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ரூபாய்க்கும் நம்பாமல் பில் கேட்பது என்ன நியாயம்?

எதிர்க் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நண்பர், பொருளாதாரம் படித்தவர், கேட்டார்: "ஏங்க, குட்டையத் தூர்வாரி உலகச் சூடு குறையுமா? 2009ல கோபன்ஹேகன்ல வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தர்றோம்னு பணக்கார நாடுங்க சொன்னாங்க. 2020க்குள்ள தரணும். 2022லதான் அந்தத் தொகையையே எட்டினாங்க, அதுலயும் பாதிக்கு மேல கடன். அத விட்டுட்டு பிள்ளைங்க கையில ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்து போட்டோ எடுக்குறது ஏமாத்து வேலை இல்லையா?"

அவர் சொல்வதில் உண்மை உண்டு. தரவேண்டிய கடனுக்குப் பதிலாகத் தருகிற தர்மம் ஆகிவிடக் கூடாது இது. குட்டையால் உலகச் சூடு குறையாது. ஆனால் அடுத்த கோடையில் அந்த ஊர் மாடு தண்ணீர் குடிக்கும். அதோடு, ஒரு ஊரின் பொதுப் பணத்தை வாங்கி, செலவழித்து, எழுதி, எல்லோர் முன்னாலும் கணக்கு வைக்கப் பழகிய ஆறு பேர் மிஞ்சுவார்கள். 10,000 கோடி என்றைக்காவது வந்தால் அதற்கும் கணக்குக் கேட்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஊர் வேண்டுமே. பெரிய பணத்துக்குச் சிறு பணம் மாற்று ஆகாது. ஆனால் பெரிய பணத்தைக் கேள்வி கேட்கப் பழகுகிற பள்ளிக்கூடமாக ஆகலாம். கென்யாவில் ஆனது அதுதான்.

*

இரண்டு கோடை கழித்துக் குட்டையைப் பார்க்கப் போனேன். நிறுவனத்தின் குழுவிலிருந்து அதற்குள் விலகிவிட்டிருந்தேன். ஆடி மாதம், தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, ஆனால் கிடந்தது. அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இறுகியது. "வாங்க சார்" என்றாள்.

கரையைச் சுற்றி நடந்தோம். நானே எண்ண ஆரம்பித்தேன். பாதியில் விட்டுப்போயிற்று. "23 இருக்கு சார். 60 வெச்சோம்" என்றாள். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் அதே நோட்டை எடுத்து வந்தாள். நான் செல்லாது என்று திருப்பிக் கொடுத்த பக்கத்துக்குப் பிறகும் எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். எந்த மாதம் எத்தனை கன்று பட்டது, எதை ஆடு மேய்ந்தது, எந்த வாரம் யார் தண்ணீர் ஊற்றினார்கள், குட்டையில் எத்தனை சாண் தண்ணீர். யாரும் கேட்காத கணக்கு.

"இத ஏம்மா எங்களுக்கு அனுப்பல?"

"நீங்க பில்லுதானே சார் கேட்டீங்க."

கொண்டுபோயிருந்த 9,400 ரூபாயை எடுத்தேன். ரொம்ப நாளாக மனதில் கிடந்தது, வாங்கிக்கொள் என்றேன். அவள் வாங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு நோட்டில் முன்பக்கம் ஒன்றைத் திருப்பினாள். "கன்னு வித்த பாட்டிக்கு 300 ரூபா பாக்கி நிக்குது சார். ரெண்டாவது பணம் வந்ததும் தர்றேன்னு சொல்லியிருந்தோம். அத மட்டும் குடுத்துட்டுப் போங்க."

பாட்டி வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் பைகள். 300 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டினாள். எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் மை டப்பாவைத் திறந்து, நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, நான்காவது கட்டத்தைக் காட்டினாள். பாட்டி பெருவிரலை அழுத்திவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.